நிரப்பப்படாத பதினோர் இடங்கள்



ஒரு பழைய காகிதத்தைப் பற்றி இத்திங்கள் உங்களோடு பேச விரும்புகிறேன். அது திருநூலின் ஏடும் அன்று; புனிதர் ஒருவர் எழுதிய மடலும் அன்று. கால்பந்தாட்டம் காண வந்தவர்களுக்கு விற்கப்பட்ட சிறு குறிப்பேட்டின் ஒரு பக்கம், அவ்வளவே. ஆயினும் குருமட நாள்களில் அதைப் பற்றிப் படித்தது முதல் இன்றுவரை அது என் நினைவை விட்டு அகலவில்லை.

1958-ஆம் ஆண்டு பிப்ரவரி 19, புதன்கிழமை இரவு. இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரில், ஓல்டு டிராஃபோர்டு திடலில் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் கூடியிருந்தனர். அந்தக் குறிப்பேட்டில் வழக்கமாக இரு அணியினரின் பெயர்களும் எதிரெதிரே அச்சிடப்பட்டிருக்கும். அன்று, விருந்தினராக வந்த ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியின் பெயர்கள் முறைப்படி இருந்தன. மாஞ்செஸ்டர் யுனைட்டெட் அணிக்குரிய பகுதியிலோ ஒரு பெயரும் இல்லை. பதினோர் இடங்களும் வெறுமையாய் விடப்பட்டிருந்தன. ஆடப்போகிறவர்கள் யார் யார் என்பது, அதை அச்சிட்ட வேளையில், அந்த அணியை நடத்தியவர்களுக்கே தெரியாது!

காரணம், அதற்குப் பதின்மூன்று நாள்களுக்கு முன் நேர்ந்த துயரம். ஐரோப்பியக் கோப்பைக்காகப் பெல்கிரேடு நகரில் ஆடிவிட்டுத் திரும்பிய அணியின் விமானம், எரிபொருள் நிரப்புவதற்காக ஜெர்மனியின் மியூனிக் நகரில் இறங்கியது. பிப்ரவரி 6 அன்று, உருகிய பனி படிந்திருந்த ஓடுபாதையில் மூன்றாம் முறையாக மேலெழ முயன்றபோது விபத்துக்குள்ளாயிற்று. விமானத்தில் இருந்த 44 பேரில் 23 பேர் மாண்டனர். அவர்களுள் எண்மர் ஆட்டக்காரர்கள். அனைவரும் இளைஞர்கள். டங்கன் எட்வர்ட்ஸ் என்பவருக்கு வயது 21. பதினெட்டு வயதிலேயே இங்கிலாந்து நாட்டு அணியில் இடம் பெற்றவர் அவர். பதினைந்து நாள்கள் மருத்துவமனையில் போராடி, பிப்ரவரி 21 அன்று கண்மூடினார். திடலில் அந்தக் குறிப்பேடு விற்கப்பட்ட இரவில் அவர் உயிரோடுதான் இருந்தார் என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

இந்த இளைஞர்களை உருவாக்கியவர் மாட் பஸ்பி என்னும் அணி மேலாளர். ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர். முதல் உலகப் போரில் தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தவர். 1945-இல் அவர் பொறுப்பேற்றபோது, ஜெர்மானியக் குண்டுவீச்சில் சிதைந்த திடல்தான் அவருக்கு வரவேற்பளித்தது. 1949 வரை பக்கத்து அணியின் திடலை இரவல் வாங்கியே ஆட வேண்டியிருந்தது. புகழ்பெற்றவர்களைப் பொருள் கொடுத்து வாங்குவதை மட்டும் நம்பியிராமல், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து வளர்க்கும் வழியை அவர் தேர்ந்துகொண்டார். அந்தப் பிள்ளைகள் 1956-லும் 1957-லும் நாட்டின் முதன்மைப் பட்டத்தை வென்றபோது மக்கள் அவர்களைப் ‘பஸ்பியின் குழந்தைகள்’ என்றே செல்லமாக அழைத்தார்கள்.

விபத்தில் படுகாயமுற்ற பஸ்பிக்கு மியூனிக் மருத்துவமனையில் இருமுறை இறுதி அருட்சாதனங்கள் வழங்கப்பட்டன. உயிர் பிழைத்தார். நினைவு தெளிந்தபின் ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொல்லிச் சொல்லிக் கேட்டாராம். அருகிலிருந்த மனைவி வாய் பேச இயலாமல் தலையசைப்பினாலேயே விடை சொன்னாராம். இனி கால்பந்தே வேண்டாம் என்று அவர் வெறுத்துப்போனதில் வியப்பென்ன? மாண்டுபோன பிள்ளைகள் அதை விரும்பமாட்டார்கள் என்று எடுத்துச் சொல்லி அவரைத் தேற்றியவரும் அதே மனைவிதான்.

அணியை நடத்தும் சுமை அவருடைய துணைவர் ஜிம்மி மர்ஃபியின் தோள்மீது விழுந்தது. வேல்ஸ் நாட்டு அணியின் பொறுப்பையும் அவர் வகித்ததால், அந்நாள்களில் கார்டிஃப் நகரில் இருந்தார். அதனால் அந்த விமானத்தில் பயணம் செய்யவில்லை. தாம் பயிற்றுவித்த பிள்ளைகளின் சவப்பெட்டிகள் வந்து இறங்கிய அதே நாள்களில், அடுத்த ஆட்டத்திற்குப் பதினொரு பேரைத் தேட வேண்டிய கொடுமை அவருக்கு வாய்த்தது. விபத்தில் தப்பியவர்களுள் ஹாரி கிரெக், பில் ஃபோக்ஸ் என்னும் இருவர் ஆட முன்வந்தனர். வேறு இரண்டு அணிகளிலிருந்து இருவர் அவசரமாக அழைத்துவரப்பட்டனர். மற்ற இடங்களுக்கு, இரண்டாம் அணியிலும் இளையோர் அணியிலும் இருந்த பிள்ளைகள்.

அவர்களுள் ஒருவர் ஷே பிரென்னன், வயது 20. முதல் அணியில் அதுவரை ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். அவருக்குப் பழக்கமில்லாத இடப்புற முன்வரிசையில் அவரை நிறுத்தினார்கள். அவர் அடித்த மூலை உதை நேரே வலைக்குள் புகுந்தது! பின்னர் இன்னொரு கோலும் அவரே அடித்தார். மூன்றாவதை அடித்த அலெக்ஸ் டாசனுக்குப் பதினெட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. மூன்றுக்குப் பூச்சியம் என்று யுனைட்டெட் வென்றது.

ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராக அறிவிக்கக் கேட்டு அந்த வெற்றிடங்களை நிரப்பிக்கொண்ட ரசிகர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆரவாரமும் அழுகையும் அன்று ஒரே தொண்டையிலிருந்து புறப்பட்டன. பழைய ஏற்பாட்டில் எஸ்ரா நூலின் மூன்றாம் அதிகாரத்தில் இதையொத்த காட்சி ஒன்று உண்டு. பாபிலோனிலிருந்து மீண்ட மக்கள், இடிந்துபோன எருசலேம் ஆலயத்திற்குப் புதிதாக அடித்தளம் இடுகின்றனர். முந்திய ஆலயத்தைக் கண்ணாரக் கண்டிருந்த முதியோர் பலர் குரலெடுத்து அழுகின்றனர். மற்றவர்களோ மகிழ்ச்சியால் ஆர்ப்பரிக்கின்றனர். அழுகை எது, ஆர்ப்பரிப்பு எது என்று எவராலும் பிரித்தறிய முடியவில்லையாம்.

அழுவது குற்றமன்று. ஆனால் அடித்தளக் கல்லைப் பார்த்து, “நீ ஏன் பழைய கோபுரமாக இல்லை?” என்று கேட்பது குற்றம். நான் அந்தக் குற்றத்தைச் செய்திருக்கிறேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், கடற்கரைப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாக இருந்தேன். பாதுகாவலர் திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் நடக்கும் கால்பந்துப் போட்டிக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பது என் பொறுப்பு. எங்கள் அணியில் கோல் காத்த வாலிபன் ஒருவன் இருந்தான். அவன் நின்றால் வலையில் பந்து விழாது என்பது ஊர்ப்பேச்சு. ஒரு நாள் கடலுக்குச் சென்றவன் திரும்பவில்லை. மறு ஆண்டு அவனுடைய தம்பியை அதே இடத்தில் நிறுத்தினோம். வயது பதினைந்து இருக்கும். யாரும் அவனைக் கேட்கவில்லை; அண்ணன் நின்ற இடம் தம்பிக்குத்தான் என்று ஊரும் நானும் முடிவு செய்துவிட்டோம்.

பயிற்சி ஆட்டம் ஒன்றில் எளிய பந்து ஒன்றை அவன் தவறவிட்டான். எல்லார் முன்னிலும் நான் கத்தினேன்: “உன் அண்ணன் இருந்திருந்தால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருப்பான்!”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “அண்ணன் இருந்தா நான் எதுக்கு சாமி இங்க நிக்கேன்?” என்றான். கையுறையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு நடந்தான்.

இரண்டு நாள் கழித்து, வெட்கத்தோடு அவன் வீட்டுக்குப் போனேன். என் தவற்றைத் தாயிடம் சொன்னேன். அந்த அம்மாள் வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “நீங்க ஒரு நாள்தான் சொன்னீங்க சாமி. நான் தினமும் இவனப் பெரியவன் பேரச் சொல்லித்தான் கூப்பிடுதேன். வாய் தானா வருது” என்றார்கள். கதவுக்குப் பின்னால் நின்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அவன் ஓர் ஆண்டாக அவனாக இருக்கவே இல்லை என்பதை நாங்கள் இருவரும் அன்றுதான் உணர்ந்தோம்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எந்த இடத்தில் ஆட விருப்பம் என்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். பின்வரிசை என்றான். அவ்வாண்டு நாங்கள் கோப்பையை வெல்லவில்லை, அரையிறுதிக்குக்கூடப் போகவில்லை. ஆனால் அவன் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் வந்தான்.

அந்தச் சிறுவனை நினைக்கும்போதெல்லாம் ஷே பிரென்னனையும் நினைத்துக்கொள்வேன். முதல் இரவிலேயே இரண்டு கோல் அடித்தவரல்லவா? ரசிகர்களின் நம்பிக்கை எவ்வளவு உயர்ந்திருக்கும்! ஆனால் 1970 வரை அந்த அணிக்காக 350-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடிய அவர், மொத்தத்தில் அடித்தவை ஆறே கோல்கள். அவர் முன்வரிசைக்கு உரியவர் அல்லர். அமைதியும் நிதானமும் மிக்க பின்வரிசைக் காவலர். நல்லவேளையாக, “அந்த இரவில் அடித்தாயே, இப்போது ஏன் அடிக்கவில்லை?” என்று அவரை ஆட்டிப் படைக்காமல், அவருக்குரிய இடத்தைக் கண்டு கொடுக்கும் பொறுமை பஸ்பிக்கு இருந்தது.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அலெக்ஸ் டாசன் அடுத்த மாதமே அரையிறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். எனினும் 1961-இல் வேறு அணிக்குச் சென்றார். விபத்தில் தப்பிய கென்னி மார்கன்ஸ் என்னும் பதினெட்டு வயதினர் தம் பழைய ஆட்டத்தை மீண்டும் பெறவே இல்லை. உடலில் இல்லாத காயம் உள்ளத்தில் இருந்தது போலும். அணியும் உடனே எழுந்துவிடவில்லை. அவ்வாண்டுக் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை சென்று தோற்றது. விபத்துக்குப் பின் ஆடிய முதன்மைப் போட்டி ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றது. 1963-இல் 22 அணிகளுள் 19-ஆம் இடத்திற்குத் தாழ்ந்து, கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் விளிம்புவரை போயிற்று. இடையில் டெனிஸ் லா போன்ற தேர்ந்தவர்களைப் பொருள் கொடுத்து வாங்கவும் வேண்டியிருந்தது. பிள்ளைகளின் வளர்ச்சி, நாம் நாள்காட்டியில் வட்டமிட்டு வைக்கும் தேதிக்கு வருவதில்லை.

ஆயினும் 1968-ஆம் ஆண்டு மே 29 வந்தது. இலண்டன் வெம்பிளி அரங்கில், ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். போர்த்துகல் நாட்டின் பென்ஃபிக்கா அணியைக் கூடுதல் நேரத்தில் நான்குக்கு ஒன்று என்று வென்று, அக்கோப்பையை ஏந்திய முதல் இங்கிலாந்து அணியாயிற்று மாஞ்செஸ்டர் யுனைட்டெட். மியூனிக்கில் பிழைத்த பாபி சார்ல்ட்டன் இரண்டு கோல் அடித்தார். மற்றொருவர் பில் ஃபோக்ஸ் பின்வரிசையில் நின்றார். ஷே பிரென்னனும் அங்கே இருந்தார். மற்ற இரு கோல்களை அடித்தவர்கள் ஜார்ஜ் பெஸ்ட், பிரையன் கிட் என்னும் இளைஞர்கள். கிட்டுக்கு அன்றுதான் பத்தொன்பதாம் பிறந்த நாள்!

இங்கேதான் நான் உங்களை நின்று சிந்திக்கச் சொல்வேன். 1958-இல் அந்த வெற்றிடங்களைக் கண்ணீரோடு நிரப்பிய ரசிகர், தம் நம்பிக்கை முழுவதையும் அந்தப் பதினொரு பேர்மீதுதான் வைத்திருப்பார். ஆனால் பத்தாண்டுகளுக்குப் பின் அந்த நம்பிக்கையை நிறைவேற்றிய இருவர் அந்தக் காகிதத்தில் இல்லை. அன்றிரவு ஜார்ஜ் பெஸ்ட் பெல்ஃபாஸ்ட் நகரத் தெருவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த பதினொரு வயதுச் சிறுவன். பிரையன் கிட், அதே மாஞ்செஸ்டர் நகரின் ஏழைப் பகுதியில் எட்டு வயதுக் குழந்தை. பிற்காலத்தில் புனித பத்ரிசியார் பெயரால் விளங்கிய கத்தோலிக்கப் பள்ளியின் மாணவன். நாம் யாரை நம்பி விதைக்கிறோமோ அவர் வழியாகவே இறைவன் அறுவடை தரவேண்டும் என்பதில்லை. நம் கண்ணுக்குப் படாத ஒரு குழந்தையை அவர் எங்கோ வளர்த்துக்கொண்டிருப்பார்.

ஜார்ஜ் பெஸ்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பதினைந்து வயதில் மாஞ்செஸ்டருக்கு வந்த அவர், வீட்டு நினைவு தாங்காமல் உடனே ஊர் திரும்பிவிட்டார். பஸ்பி சினம் கொள்ளவில்லை. தாமே வாலிபத்தில் ஊரைப் பிரிந்து வந்து, மனம் சோர்ந்து, எல்லாவற்றையும் விட்டுவிட எண்ணியவர் அவர். பையனின் தந்தையோடு தொலைபேசியில் பேசினார். பையன் திரும்பி வந்தான். அந்தப் பொறுமையின் கனியே வெம்பிளியில் அடித்த கோல். ஆனால் புகழ் வெள்ளமாய்ப் பெருகியபோது அதைத் தாங்கும் வலிமை அந்த இளைஞருக்கு இல்லை. குடிப்பழக்கம் அவரை விழுங்கிற்று. 1974 சனவரியில், இருபத்தேழு வயதில், அந்த அணியை விட்டே விலகினார். 2005 நவம்பர் 25 அன்று 59 வயதில் மறைந்தார். கோல் அடிக்கும் கால்களை உலகமே பார்த்தது. அந்தக் கால்களுக்கு மேலே ஓர் உள்ளமும் உண்டு என்பதைப் பார்த்தவர் எத்தனை பேர்? பஸ்பி தந்தையைப் போல் கண்டித்தும் அணைத்தும் பார்த்தார், போதவில்லை. அன்பு செலுத்துவோர் அனைவரும் வெற்றி பெறுவதில்லை. ஊதாரி மைந்தனின் தந்தைகூட, மகன் தூர நாட்டுக்குப் புறப்பட்டபோது தடுக்க முடியாமல் நின்றவர்தாமே!

குடும்பத்தாரே, நம் இல்லங்களும் மீண்டும் மீண்டும் கட்டப்படும் அணிகள்தாம். மூத்தவர்கள் மறைகிறார்கள், சிலர் பிழைப்புக்காகத் தொலைதூரம் செல்கிறார்கள், இளையவர்கள் அந்த இடங்களில் நிற்க வேண்டி வருகிறது. தேர்வு முடிவு வரும் நாளில், “அக்கா வாங்கிய மதிப்பெண்ணில் பாதிகூட இல்லையே” என்று எத்தனை வீடுகளில் கேட்கிறோம்! மறைக்கல்வி வகுப்பில், பாடற்குழுவில், பீடச் சிறுவர் கூட்டத்தில், “முன்பு இருந்த பிள்ளைகளைப் போல் இப்போது யார் இருக்கிறார்கள்?” என்று நானும் நீங்களும் எத்தனைமுறை பெருமூச்செறிந்திருக்கிறோம்! பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

நம்பிக்கை வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை விசுவாசத்தின் உடன்பிறப்பு. ஆண்டவர் சொன்ன அத்திமர உவமையில், கனி தராத மரத்தை வெட்டச் சொன்ன தலைவனிடம் தோட்டக்காரன் இன்னும் ஓராண்டு கேட்கிறான். ஆனால் ஓராண்டும் கைகட்டி நின்று மரத்தை முறைத்துப் பார்க்க அவன் எண்ணவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகச் சொல்கிறான். காத்திருப்பதும் உழைப்பதும் சேர்ந்ததே கிறிஸ்தவ நம்பிக்கை. கரையில் நின்று ஆரவாரிக்கும் ரசிகனின் நம்பிக்கைக்கும், மாலைதோறும் சேற்றில் நின்று பிள்ளைகளைப் பயிற்றுவித்த மர்ஃபியின் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு அதுதான். பெற்றோர் ரசிகராக மட்டும் இருத்தல் போதாது.

பஸ்பியின் உழைப்பைத் திருச்சபையும் மறக்கவில்லை. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், புனித கிரகோரியார் பெயரால் அமைந்த வீரர் பட்டத்தை அவருக்கு அளித்துச் சிறப்பித்தார். 1994 சனவரி 20 அன்று பஸ்பி இறைவனடி சேர்ந்தார். வெம்பிளியில் வென்ற இரவில் கொண்டாட்ட விருந்து நடந்தபோது, பாபி சார்ல்ட்டன் களைப்பும் நினைவுகளும் மேலிட்டு விருந்துக்கு வர இயலாமல் தம் அறையிலேயே தங்கிவிட்டார். மாண்ட நண்பர்களை அவர் மறக்கவில்லை. 2023-இல் தாம் மறையும்வரை மறக்கவில்லை. ஆனால் அந்த நினைவின் பாரத்தைப் பத்தொன்பது வயது கிட்டின் தோளில் ஏற்றாமல், தாமே சுமந்தார். மாண்டவர்களுக்காக நாம் திருப்பலி ஒப்புக்கொடுப்போம், கல்லறைத் திருநாளில் விளக்கேற்றுவோம், தனிமையில் அழுவோம். அவர்களுடைய பெயரை மட்டும் உயிரோடிருக்கும் பிள்ளைக்குச் சூட்டாதிருப்போம்.

கடற்கரை வீட்டில் அந்தத் தாயார் பின்னர் தம் இளைய மகனை அவன் பெயரிட்டு அழைக்கப் பழகிக்கொண்டார்கள். எளிதாக இல்லை. சில நாள் பாதி பெயர் வாயில் வந்தபின் நிறுத்திக்கொண்டு, மறுபடி தொடங்குவார்கள். அவன் சிரித்துக்கொண்டே, “நான்தான்மா” என்பான்.

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்தபின், உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அவரவர் பெயரைச் சொல்லி அழைத்து, நெற்றியில் சிலுவை அடையாளம் இடுங்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயன் உங்கள் இல்லங்களைக் காத்தருள்வாராக!

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை